பெயரும் பொறுப்பும்
(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கல்லும் மரமும் இரும்பும் செம்பும் பொன்னும் கையாண்டு வந்த விசுவகர்ம குலத்தார் நிறைந்த இச்சபையிலே கட்டடத் தொழிலைப் பற்றிப் பேசத் துணிவது, கொல்லர் தெருவிலே ஊசி விற்க வந்தவனது செய்கையையே ஒக்கும். ஆயினும் சங்கத்து நிர்வாகிகள் இட்ட கட்டளையை மறுக்கலாகாமையின், எனக்குத் தெரிந்த அளவில் சில சொல்லப் புகுகின்றேன். குற்றம் நீக்கிக் குணங்கொள்ளுமாறு வேண்டுகின்றேன்.

எனக்குத் தரப்பட்ட விஷயம் யாதெனில், பதிவு பெறாதவர்கள் கட்டடக்கலைத் தொழிலை நடத்துவதைச் சட்டத்தினாற் கட்டுப்படுத்துவது முறையா, முறையாயின் எவ்வளவு தூரம் என்பதேயாம். இதைக் குறித்து நம்மவரிடையே இரண்டு கட்சிகள் உண்டு. "நம் முன்னோர் எந்தச் சர்க்காரிடம் லைசென்ஸ் வாங்கிக் கோபுரம் எழுப்பினர்? பரம்பரைத் தொழிலுக்குப் பதிவு எதற்கு?" என்று வினவுவோர் ஒரு சாரார். கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்ற நம் இளைஞரோ, "பட்டமில்லாதவன் வரைபடப் பலகையைத் தொடவே கூடாது, தொடின் தண்டிக்கவேண்டும்" என்பர். இவ்விரு கூற்றிலும் பாதி உண்மையே உள்ளது என்பதும், மறுபாதியை மறந்தமையால் நம் குலத்திற்கும் நம்மை நம்பி வீடு கட்டுவோர்க்கும் தீங்கு விளைகின்றது என்பதும் என் அபிப்பிராயம்.

முன்னோர் கண்ட முறை

முதலாவதாகப் பெரியோர்களின் கட்சியை ஆராய்வோம். பழங்காலத்தில் கட்டுப்பாடே இல்லை என்பது உண்மையன்று. நமது சிற்ப நூல்களாகிய மானசாரம், மயமதம் முதலியவை தொழிலாளரை ஸ்தபதி, சூத்திரகிராகி, தக்ஷகன், வர்த்தகி என நால்வகையாக வகுத்துள்ளன. மயமதத்தின்படி, முழுவதையும் நிருமாணித்து நடத்துவோன் ஸ்தபதி. நூல்பிடித்து அளவு காண்போன் சூத்திரகிராகி. கல்லையும் மரத்தையும் செதுக்குவோன் தக்ஷகன். செதுக்கியவற்றை இணைத்து எழுப்புவோன் வர்த்தகி. சூத்திரகிராகியானவன் ஸ்தபதியின் மகனாகவோ மாணாக்கனாகவோ இருப்பான் என்றும் அந்நூல் கூறுகின்றது. உளி பிடித்தவன் எல்லாம் ஸ்தபதி ஆகிவிடலாம் என்று நம் நூல்கள் விடவில்லை. சாஸ்திரமும் கணிதமும் ஒழுக்கமும் உடையவனுக்கே அப்பெயர் உரியதென வரையறுத்தன. எனவே, ஒரு பெயரைத் தகுதியில்லாதார் சூடிக்கொள்ளலாகாது என்னும் கொள்கை மேல்நாட்டிலிருந்து வந்த புதுமையன்று.

1010-ஆம் ஆண்டிலே நிறைவெய்திய தஞ்சை இராசராசேச்சுரத்தை நினைத்துப் பாருங்கள். அக்கோயிற் கல்வெட்டிலே குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்னும் பெயர் பொறிக்கப்பட்டிருக்கின்றது. அப்பெயரை நாம் பெருமையோடு எடுத்துக் கூறுகின்றோம். அதிலே பெருமை மட்டுமன்றிப் பொறுப்பும் அடங்கியுள்ளது என்பதைச் சிந்திப்பதில்லை. விமானம் சாய்ந்திருந்தால் யாரைக் கேட்பது என்பது ஊரறிந்த செய்தியாக இருந்தது. கல்லில் வெட்டிய அப்பெயர் ஒருவகைப் பதிவேடேயாம். குருவின் கீழ்ப் பல்லாண்டு கைப்பழக்கமும், தொழிலாளர் கூட்டத்தின் கண்டிப்பும், ஊராரின் நேரடி அறிவும் சேர்ந்து அக்காலத்து லைசென்ஸாக விளங்கின.

காலம் மாறிய காரணம்

இன்று அம்மூன்றும் தளர்ந்துவிட்டன. பட்டணத்திலே வீடு கட்டுவோன், கட்டித் தருவோனின் தந்தை யார், குரு யார் என்று அறியான். பெயர்ப்பலகையைக் கண்டு உள்ளே நுழைகின்றான்.

பொருள்களும் மாறிவிட்டன. கருங்கற்றூணின் கனத்தைக் கண்ணால் அளக்கலாம். தேக்கு உத்தரத்தின் வைரத்தைத் தட்டிப் பார்த்தறியலாம். கான்கிரீட் தூணின் உள்ளே கம்பி எத்தனை, எவ்வளவு பருமன், வளையம் எத்தனை அங்குலத்திற்கு ஒன்று என்பதைப் பூச்சு முடிந்தபின் எந்தக் கண்ணும் காணாது. பிழை செய்தவனுக்கும் பிழை தெரியாமல் ஆண்டுகள் கழியலாம். கண்ணுக்குத் தெரியாத இடத்திலே தவறு நேரக்கூடிய தொழில் எதுவாயினும், அங்கே பெயரைப் பதிந்துவைத்துப் பொறுப்புக் கேட்கும் ஏற்பாடு ஜனசமூகத்துக்கு அவசியமாகின்றது. வைத்தியத்துக்கு அது வந்தது இக்காரணத்தினாலேயே. கட்டடத் தொழிலுக்கு வந்ததும் இக்காரணத்தினாலேயே.

பிற தேசங்கள் இதை இருவிதமாகச் செய்தன. அமெரிக்காவில் 1897-ஆம் ஆண்டில் முதன்முதலாக இல்லினாய்ஸ் மாகாணம் கட்டடக் கலைஞருக்கு லைசென்ஸ் விதித்தது. பின்னர் ஏனைய மாகாணங்களும் தொடர்ந்தன. ஆங்கு தொழிலே காக்கப்படுகின்றது. இங்கிலாந்திலோ 1931, 1938-ஆம் ஆண்டுச் சட்டங்களால் ஆர்க்கிடெக்ட் என்னும் பெயர் மட்டும் காக்கப்பட்டது; வரைபடம் வரையும் வேலையைப் பிறர் செய்வதற்குத் தடையில்லை. நமது தேசம் இங்கிலாந்தின் வழியையே பின்பற்றியது.

நமது தேசத்துச் சட்டம்

1972-ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் கட்டடக்கலைஞர் சட்டத்தை இயற்றியது. அதன்படி அகில இந்தியாவுக்கும் ஒரு கட்டடக்கலைக் கவுன்ஸில் அமைந்தது. அங்கீகரிக்கப்பட்ட பட்டம் பெற்றோரின் பெயர்கள் அதன் பதிவேட்டில் ஏறுகின்றன. சட்டம் வந்த காலத்தில், பட்டமில்லாவிடினும் குறித்த நாளுக்கு முன் ஐந்தாண்டுகள் ஆர்க்கிடெக்டாகத் தொழில் நடத்தி வந்த இந்தியப் பிரஜைகளுக்கும் பதிவேட்டில் இடமளிக்கப்பட்டது. அவ்வாயில் குறித்த ஒரு தேதியைப் பொறுத்ததாகையால் பின்வந்த தலைமுறைக்கு அது பயன்படவில்லை.

அச்சட்டத்தின் 37-ஆம் பிரிவுதான் நமது விஷயத்தின் உயிர்நாடி. பதிவு பெறாத எவரும் ஆர்க்கிடெக்ட் என்ற பெயரைச் சூடிக்கொள்ளலாகாது என்பது அதன் சாரம். 1972-இல் இயற்றியவாறு, மீறுவோர்க்கு முதல் முறை 500 ரூபாய் வரை அபராதம். மறுமுறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமாம். ஆனால் கட்டடத்தை வரையவோ, மேற்பார்க்கவோ, கட்டவோ பதிவு பெற்றோருக்கே தனியுரிமை என்று அச்சட்டம் கூறவில்லை. பொறியாளர் முதலிய பிறர், ஆர்க்கிடெக்ட் என்று பெயர் வைத்துக்கொள்ளாத வரையில் தத்தம் தொழிலை நடத்தலாம் என்பதே சட்டம் இயற்றியோரின் கருத்தாக இருந்தது.

இதைப் பற்றிப் பல்லாண்டு வழக்காடினர். கடைசியாக 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. நொய்டா அபிவிருத்தி ஸ்தாபனத்தில் ஆர்க்கிடெக்ட் என்னும் சொல் அமைந்த ஒரு பதவிக்கு, பதிவுக்குரிய பட்டமில்லாதவரை உயர்த்தலாமா என்பது வழக்கு. 37-ஆம் பிரிவு பெயரையே காக்கின்றது, வேலையைத் தடுக்கவில்லை. எனினும் அப்பட்டமில்லாதவரை அப்பெயர் கொண்ட பதவியில் அமர்த்தலாகாது என்று நீதிபதிகள் தீர்ப்புக் கூறினர்.

ஆகவே, பட்டமில்லாதவன் வரைபடத்தைத் தொடின் குற்றம் என்று சொல்லும் நம் இளைஞர் சட்டத்திலில்லாததைச் சொல்கின்றனர். பரம்பரையில் வந்தோம் என்பதற்காகப் பெயர்ப்பலகையில் ஆர்க்கிடெக்ட் என்று எழுதிக்கொள்ளும் நம்மவரோ சட்டத்தில் உள்ளதை மீறுகின்றனர்.

பெயர் மட்டும் காப்பது போதுமா?

பெயரை மட்டும் காத்து வேலையைத் திறந்துவிடுவதால் பயன் என்ன என்று சிலர் கேட்கலாம். பயன் உண்டு. பதிவு பெற்றவர் தொழிலில் தவறிழைத்தால், வீட்டுக்காரர் கவுன்ஸிலிடம் முறையிடலாம். விசாரணையில் குற்றம் நிலைபெற்றால் கவுன்ஸில் அவரைக் கண்டிக்கலாம். தொழில் நடத்துவதை நிறுத்திவைக்கலாம். பெயரையே பதிவேட்டினின்று நீக்கலாம். பதிவு பெற்றவனுக்கு இழப்பதற்கு ஒன்று இருக்கின்றது. அந்த அச்சமே வீட்டுக்காரனுக்குப் பாதி காவல். பதிவில்லாதவனிடம் ஏமாந்தவன் கோர்ட்டு வாசலைத் தவிர வேறு வாசலை அறியான்.

ஆயினும் பெயர்க் காவல் ஒன்றே போதாது. 2001-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 26-ஆம் தேதி குஜராத்தில் பூகம்பம் நேர்ந்தது. அது தோன்றிய கட்ச் பகுதியினின்று 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அகமதாபாத்திலும் பல அடுக்கு வீடுகள் நொறுங்கி நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். வண்டிகள் நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தைச் சுவரின்றித் தூண்களின்மேல் நிறுத்திய வீடுகள் அவற்றிற் பல. பழைய நிலநடுக்கங்களைக் கண்ட கட்டடங்கள் நிற்க, புதிய வீடுகள் விழுந்தன என்றால் அதற்கு விதியையா நோவது?

நம் மாகாணத்திலும் பார்த்தோம். 2014-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 28-ஆம் தேதி, சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் மழை பெய்த மாலைப்பொழுதில் சரிந்து 61 உயிர்களைக் கொண்டது. மாண்டோர் பெரும்பாலும் கூலிவேலைக்கு வந்த ஏழைத் தொழிலாளர். உடனிருந்த மற்றொரு கட்டடமும் ஆபத்தானதென்று கருதப்பட்டு 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இதிலே நாம் உற்று நோக்கவேண்டியது ஒன்று. அக்கட்டடம் அனுமதியின்றி ஒளிந்து எழுந்ததன்று; சர்க்கார் அனுமதி பெற்ற வரைபடம் அதற்கு இருந்தது. காகிதத்தில் எல்லாம் இருந்தும், தூண் தாங்கவேண்டிய பாரத்தைத் தாங்கவில்லை. லைசென்ஸ் இல்லாதவன் மட்டுமே ஆபத்து என்று எண்ணுவோர்க்கு இது ஒரு படிப்பினை.

அதன்பின் 2019-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வந்தன. ஆர்க்கிடெக்ட், பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர், மண்ணாய்வுப் பொறியாளர், தர ஆய்வாளர் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொருவர் பதிவு பெற்றுப் பொறுப்பேற்கவேண்டும் என்பது அவற்றின் நோக்கம். நால்வகைத் தொழிலாளரை வகுத்த நம் நூல்களின் கருத்தே இக்காலத்து உடையணிந்து வந்திருக்கின்றது என்றும் சொல்லலாம்.

2024-ஆம் ஆண்டு ஜூலையில் மற்றொரு மாறுதலும் வந்தது. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3,500 சதுர அடிக்குள் எழும் வீடுகளுக்குச் சுயசான்றின்பேரில் உடனே அனுமதி வழங்கும் ஏற்பாடு அது. ஏழை எளியோரை ஆபீஸ் வாசலில் அலையவிடாத நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதிகாரியின் முன்பரிசோதனை குறையுமிடத்தில் வரைபவனது பொறுப்பு அத்தனைக்கத்தனை பெருகுகின்றது. நம்மவர் பெரும்பாலும் வேலை செய்வது இத்தகைய சிறு வீடுகளிலன்றோ?

கையொப்ப வியாபாரம்

அன்பர்களே! சட்டம் பெயரைக் காக்கும். சர்க்கார் விதிகள் காகிதத்தைக் காக்கும். வேலையைக் காப்பவர் யார்? வேலை செய்பவரும், அவரைத் தம்மவரென்று ஏற்கும் சங்கமும்தான். இதுவே யான் இன்று சொல்ல வந்த கருத்து.

இவ்விடத்தில் கசப்பான ஒன்றைச் சொல்லியாகவேண்டும். வரைபவன் ஒருவன், கையொப்பமிடுபவன் வேறொருவன். கையொப்பமிடுவோன் மனையைக் கண்டதில்லை, மண்ணைத் தொட்டதில்லை, கம்பி கட்டும் நாளில் எட்டிப் பார்த்ததுமில்லை. ஒரு படத்திற்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு தன் பதிவெண்ணை வாடகைக்கு விடுகின்றான். பதிவில்லாமல் தொழில் நடத்துவோனைப் பற்றி மேடையேறிக் குறைகூறும் பட்டதாரிகளே! உங்கள் கையொப்பம் கிடைக்காவிடில் அவன் படம் ஆபீஸ் படியேறுவது எங்ஙனம்? பதிவில்லாதவன் தன் அறியாமையை விற்கின்றான். பதிவு பெற்றவனோ பிறர் தன்பால் வைத்த நம்பிக்கையை விற்கின்றான். இவற்றுள் பின்னதே பெரும் பாவம்.

அதேபோல, முப்பதாண்டு அனுபவமுள்ள மேஸ்திரி ஒருவர், "எத்தனையோ வீடு கட்டினேன், ஒன்றும் விழவில்லை" என்று கூறி, இரண்டு மாடிக்குப் போட்ட அஸ்திவாரத்தின்மேல் நான்காவது மாடி எழுப்பத் துணிவாராயின், அவருடைய அனுபவம் அங்கே சாட்சி சொல்லாது. விழாத வீடு சரியான வீடு என்பதற்கு அத்தாட்சியன்று. அதைச் சோதிக்கும் நாள் இன்னும் வரவில்லை என்றும் கொள்ளலாம்.

நாம் செய்யத்தக்கவை

குறை கூறி அமர்தல் எளிது. ஆதலின் செய்யத்தக்கவை சிலவற்றையும் சபையின்முன் வைக்கின்றேன்.

முதலாவது, தொழில் நடத்தும் நம் உறுப்பினர் அவரவர்க்குரிய பெயரையே பலகையில் எழுதவேண்டும். ஸ்தபதி என்பது தாழ்ந்த பெயரா? மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய சிற்பக் கலைப் பயிற்சி நிலையம் பின்பு கல்லூரியாக வளர்ந்தது. அதன் தலைவராயிருந்து, கன்னியாகுமரியில் 133 அடித் திருவள்ளுவர் சிலையை நிறுவிய கணபதி ஸ்தபதியவர்கள் இறுதிவரை அப்பெயராலேயே அறியப்பட்டார். 2009-இல் பத்மபூஷண் விருதும் அப்பெயருடனேயே அவரை நாடி வந்தது. நம்மிடம் இத்தகைய பெயர் இருக்க, பிறர் பெயரை இரவல் வாங்குவானேன்? மேஸ்திரி என்றும், வரைவாளர் என்றும், பொறியாளர் என்றும் உள்ளதை உள்ளபடி எழுதுவோன் எந்தச் சட்டத்திற்கும் அஞ்சவேண்டுவதில்லை.

இரண்டாவது, சங்கம் ஒரு தொழிலேடு வைக்கவேண்டும். அதில் உறுப்பினர் பெயரோடு, அவர் கற்றது, பதிவு பெற்றிருப்பின் அதன் எண், எத்தகைய வேலைக்குத் தகுதியுடையார் என்பன எழுதப்படவேண்டும். கையொப்பத்தை விற்றாரென்று மெய்ப்பிக்கப்பட்டவர் எவராயினும், எத்துணைச் செல்வராயினும், அவர் பெயர் அவ்வேட்டினின்று நீங்கவேண்டும். இதற்குச் சர்க்கார் உத்தரவு வேண்டியதில்லை. நமக்கு மனத்துணிவே வேண்டும்.

மூன்றாவது, கைத்திறமுள்ள முதியோரையும் பட்டம் பெற்ற இளையோரையும் சங்கம் இணைத்து வைக்கவேண்டும். மேஸ்திரியின் படத்தைப் பொறியாளர் மெய்யாகவே கணக்கிட்டுத் திருத்தி, மனைக்கு வந்து பார்த்து, அதன்பின் கையொப்பமிடட்டும். அதற்குரிய கூலியை வெளிப்படையாகப் பெறட்டும். முதியவர் பிழைப்பும் கெடாது. இளையவர் மெய்யான கைப்பழக்கமும் பெறுவர்.

நான்காவது, நம் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள். பெண்மக்களையும் சேர்த்தே சொல்கின்றேன். கட்டடக்கலைப் பட்டம் ஐந்தாண்டுப் படிப்பு. அதற்கெனத் தனி நுழைவுப் பரீட்சையும் உண்டு. தகப்பனார் கல்தச்சராயிருந்து சேர்த்த பணத்தில் அச்செலவு அடங்காமற் போகலாம். திருமணங்களுக்கும் திருவிழாப் பந்தல்களுக்கும் தாராளமாக நன்கொடை தரும் தனவந்தர்கள், ஆண்டிற்கு ஓரிரு மாணாக்கரையேனும் ஏற்பார்களாக.

ஐந்தாவது, சர்க்காரிடம் நாம் கேட்கவேண்டியதும் உண்டு. கோயிற்றிருப்பணிகளில் ஸ்தபதியின் கருத்தை அறநிலையத் துறை கேட்டுப் பெறுகின்றது. மரபுக் கட்டடக்கலையைக் கல்லூரியிற் கற்றோரும் உளர். இத்தகையோர் தகுந்த பரீட்சையில் தேறி, குறித்த எல்லைக்குட்பட்ட வேலைகளுக்குப் பதிவு பெறுமாறு ஒரு வாயில் திறக்கப்படவேண்டும். பரீட்சையின்றிக் குலத்தின் பேரால் வாயிலைத் திறவுங்கள் என்று கேட்போமாயின் அது நம் நூல்களுக்கே விரோதமாகும். சோதித்து ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்பதே நமக்கு அழகு.

வீடு கட்டுவோர்க்கு ஒரு வார்த்தை

இச்சபையில் வீடு கட்டக் கருதியிருக்கும் குடும்பத்தாரும் இருப்பர். அவர்களுக்கும் சில சொல்வேன். ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்வோரிடம் பதிவெண்ணைக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. அவ்வெண் சி.ஏ. என்ற எழுத்துக்களோடும் பதிவு பெற்ற ஆண்டோடும் அமைந்திருக்கும். கவுன்ஸிலின் ஏட்டில் அதைச் சரிபார்க்கலாம். மாடி வீடாயின், தூண், உத்தரம், அஸ்திவாரம் ஆகியவற்றைக் கணக்கிட்டவர் யார் என்று தனியே வினவுங்கள். அஸ்திவாரக் குழி வெட்டிய நாளிலும், கான்கிரீட் கொட்டுமுன் கம்பி கட்டி முடிந்த நாளிலும் கையொப்பமிட்டவரே நேரில் வந்து பார்க்கவேண்டுமென்று முன்னரே எழுதி வாங்குங்கள். அனுமதி பெற்ற படத்திற்கு மேல் ஓர் அறை, ஒரு மாடி என்று ஆசையால் ஏற்றாதீர்கள். மனையடி சாஸ்திரத்தில் அடிக்கணக்குப் பார்ப்பதற்கு எடுத்துக்கொள்ளும் சிரத்தையில் பாதியேனும் மண்ணின் தாங்குபலத்தைப் பார்ப்பதற்கும் எடுத்துக்கொண்டால் குடும்பம் க்ஷேமமாயிருக்கும்.

முடிவுரை

பெரியோர்களே! பதிவும் லைசென்ஸும் நம் பரம்பரைக்குப் பகையல்ல. பொறுப்பேற்பவன் தன் பெயரை ஊரறியச் சொல்லவேண்டும் என்ற நம் பழைய முறையே இன்று சட்டமாக எழுந்துள்ளது. அச்சட்டம் பெயரளவில் நின்றுவிட்டமையால், எஞ்சிய பாதியை நிறைவேற்றும் கடமை நம்முடையதாகின்றது. உரியதல்லாத பெயரைச் சூடாதிருப்போம். செய்யாத வேலைக்குக் கையொப்பமிடாதிருப்போம். அறியாத பாரத்தைப் பிறர் தலைமேல் ஏற்றாதிருப்போம். இம்மூன்றையும் நம் உறுப்பினர் கைக்கொள்வாராயின், இச்சங்கத்தின் தொழிலேட்டில் உள்ள பெயரே ஊராருக்குப் போதிய நற்சான்றாக விளங்கும் காலம் வரும்.

 நமது சங்கம் வாழ்க! கைத்தொழில் ஓங்குக!